எண்ணெய்க் கசட்டில் மருந்து கண்ட பெர்ஸி ஜூலியன்

எண்ணெய் ஆலைகளில் எண்ணெயும் பிண்ணாக்கும் பெறும் மதிப்பை அடியில் தங்கும் கசடு பெறுவதில்லை. அக்கசட்டினின்று நோய் தீர்க்கும் அரும்பொருள்களை மணங்குக் கணக்கில் பிரித்தெடுக்கலாமென்று காட்டியவர் பெர்ஸி லவான் ஜூலியன் என்னும் அமெரிக்க இரசாயன சாஸ்திரியார்.

இவர் 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் தேதி அலபாமா மாகாணத்து மான்ட்கமரி நகரில் பிறந்தார். பாட்டனார் அடிமையாயிருந்தவர்; தந்தையார் ரயில்வே தபால் குமாஸ்தா; தாயார் உபாத்தியாயினி. அந்நகரில் கறுப்பினச் சிறுவர்க்கு எட்டாம் வகுப்பிற்கு மேல் பொதுப் பாடசாலை இல்லை. ஆதலின் 1916-இல் இந்தியானா மாகாணத்து டிபா கலாசாலையைச் சேர்ந்தபொழுது, விடுபட்ட பள்ளிப் பாடங்களையும் கலாசாலைப் பாடங்களோடு உடன்படிக்க நேர்ந்தது. வெள்ளை மாணவர் விடுதியொன்றில் உணவு பரிமாறி, அதன் மேற்பரணில் உறங்கி, 1920-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். ஹார்வர்டில் 1923-இல் எம்.ஏ. பட்டமும், வியன்னா சர்வகலாசாலையில் 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

டிபாவுக்கு மீண்ட இவர், காலபார் கொட்டையிலுள்ள பைஸோஸ்டிக்மின் என்னும் கண்மருந்தைத் தம் நண்பர் யோசெப் பிக்லுடன் 1935-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் ராபின்ஸன் வெளியிட்டிருந்த முடிவு தவறென்று இவ்விளைஞர் துணிந்து எழுதினார். இவர் சொன்னதே மெய்யாயிற்று. எனினும், நிறம் காரணமாகப் பேராசிரியர் பதவி இவருக்கு மறுக்கப்பட்டது. 1936-இல் சிக்காகோவிலுள்ள கிளிடன் கம்பெனியின் சோயா ஆராய்ச்சித் தலைமையை ஏற்றார்.

இங்கே ஒன்று கூற வேண்டும். காலபார் கொட்டை ஆராய்ச்சியின்போது, அதன் எண்ணெயில் வெண்ணிறப் படிகங்கள் தோன்றக் கண்டு, அவை ஸ்டிக்மாஸ்டிரால் என்று இவர் அறிந்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து, கிளிடன் ஆலையில் இலட்சம் காலன் சோயா எண்ணெய் கொண்ட தொட்டியில் நீர் கசிந்து புகுந்து, அடியில் வெண்சேறு படிந்தது. எண்ணெய் கெட்டதென்று மற்றையோர் கலங்கினர். இவரோ, முன்பு கண்ட பொருளே இதுவென்று தெளிந்தார். இதனைத் தற்செயலென்பார் உளர். முன்னரே அப்படிகத்தை ஆராயாதவர்க்கு அச்சேறு வெறும் சேறாகவே இருந்திருக்கும்.

ஸ்டிக்மாஸ்டிராலைப் புரோஜெஸ்டெரோன் என்னும் கருக்காக்கும் ஹார்மோனாக மாற்றும் வழியை ஜெர்மானியர் 1934-இலேயே கண்டிருந்தனர். ஆனால் மூலப்பொருள் மிகுதியாய்க் கிட்டவில்லை. 50,000 பன்றிகளின் சூலகங்களினின்று கிடைத்த தூய ஹார்மோன் 20 மில்லிகிராமே. ஜூலியன் எண்ணெய்க் கசட்டைச் சுட்ட சுண்ணாம்பினால் நுண்துளை நிறைந்த பொருளாக்கினார். கரைப்பான் அதனுள் எளிதிற் புகுந்து ஸ்டிரால்களைக் கரைத்து வெளிக்கொணர்ந்தது. 1940-இல் ஒரு பவுண்டு புரோஜெஸ்டெரோன் ஆலையினின்று அனுப்பப்பட்டது. மில்லிகிராமில் அளந்த பொருளுக்கு அஃது எத்துணைப் பெரிய அளவு! எண்ணெய் நீங்கிய சோயா மாவினின்று பிரித்த புரதமோ காகிதப் பூச்சுக்கும், இரண்டாம் உலகப் போரில் கப்பல் தீயணைக்கும் நுரைக்கும் பயன்பட்டது. அந்நுரையை இவரே அமைத்ததாகச் சிலர் எழுதுவது மிகை. இவர் அளித்தது அதற்குரிய புரதம்.

1949-இல் கீல்வாதத்திற்குக் கார்ட்டிஸோன் நன்மருந்தென வெளியாயிற்று. அதனை மாட்டுப் பித்தத்தினின்று 30-க்கு மேற்பட்ட படிகளில் ஆக்கியமையால் விலை ஏழைக்கு எட்டவில்லை. அவ்வாண்டிலேயே, அதனின்று ஓர் ஆக்ஸிஜன் அணுவே குறைந்த எஸ் என்னும் பொருளைச் சோயாவினின்று ஆக்க ஜூலியன் வழிகண்டார். குறைந்த அணுவைப் பூஞ்சைகளின் துணையால் சேர்க்கும் முறையைப் பின்னர்ப் பிறர் கண்டனர்.

1950-இல் இவர் ஓக் பார்க் என்னுமிடத்தில் வாங்கிய வீட்டிற்கு, கறுப்பினத்தார் அங்கு வாழலாகாதென்றிருந்தோர் தீயிட முயன்றனர்; அடுத்த ஆண்டு வெடிகுண்டும் எறிந்தனர். தம் மகனுடன் இரவிற் காவலிருந்த ஜூலியன் அவ்வூரை விட்டகலவில்லை.

1953-இல் சொந்த ஆலை நிறுவி, 1961-இல் அதனைப் பெரும்பொருளுக்கு விற்றார். 1973-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி காலமானார். டிபா கலாசாலை 1980-இல் தன் விஞ்ஞான, கணித மாளிகைக்கு இவர் பெயரைச் சூட்டியது.