ஒரு எக்ஸ் கூடிப்போன கதை: டாக்டர் கிளைன்ஃபெல்டர்



முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தந்ததாகச் சொல்லும் ஊர் நம்ம அவிநாசி. இங்கே கல்யாணமாகி ஒரு வருஷம் போனாலே விசேஷம் உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விசாரிப்பது பெண்ணிடம்தான். எங்கள் தெருவில் ஒரு அக்கா எட்டு வருஷம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்தார். ஸ்கேன், மாத்திரை, ஊசி எல்லாம் அவருக்கே. மாமியார் வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சுகூட வந்தது. கடைசியில் அண்ணனைப் பரிசோதித்தால், விந்தணு ஒன்றுகூட இல்லை. ரத்தம் எடுத்து குரோமோசோம் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு டாக்டரின் பெயர் இருந்தது. யார் அவர் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹாரி கிளைன்ஃபெல்டர் 1912 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். அதே ஊரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1937-இல் பட்டம் பெற்றார். 1941-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஹார்மோன் நோய்களில் பெரிய ஆள் ஃபுல்லர் ஆல்பிரைட். அவரிடம் வேலை கற்கப் போன இடத்தில், மார்பு பெருத்து, விந்தகம் மிகச் சிறுத்துப்போன ஒரு நோயாளியைப் பார்த்தார் நம்மவர். இதே மாதிரி இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா தேடிப் பார் என்று ஆல்பிரைட் தூண்டிவிட, மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். 1942-இல் கட்டுரை வந்தது. ஆல்பிரைட் தன் பெயரைப் பின்னால் போட்டு, முப்பது வயதுகூட முழுசாகக் கடக்காத சிஷ்யன் பெயரை முதலில் போட்டார். அதனால்தான் நோய்க்கு அந்தப் பெயர். பெருமை ஆல்பிரைட்டுக்கே உரியது என்று கிளைன்ஃபெல்டர் பின்னாளிலும் சொல்லி வந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு குருவும் சிஷ்யனும் கிடைப்பது கஷ்டம்தான்!

ஆனால் காரணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. விந்தகத்தில் ஏதோ ஹார்மோன் குறை என்று நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மனித செல்லில் குரோமோசோம் 48 என்றுதான் அப்போது புத்தகங்கள் சொல்லின. 46 என்று உறுதியானதே 1956-இல். 1959-இல் எடின்பரோவில் பாட்ரீசியா ஜேக்கப்ஸ், ஜான் ஸ்ட்ராங் இருவரும் அப்படிப்பட்ட ஒருவருக்கு எண்ணிப் பார்த்தார்கள். 47 இருந்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று இருக்க வேண்டும்; இவருக்கு எக்ஸ் இரண்டு.

எப்படிக் கூடுகிறது? நம்ம கட்டிங் செக்‌ஷனில் இரண்டு பீஸ் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டில் போய்விடுமே, அது மாதிரி. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுகிறது. தாயிடமும் நடக்கும், தந்தையிடமும் நடக்கும். யார் செய்த தப்பும் இல்லை. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. பருவ வயதுக்குப் பிறகு விந்தகத்தின் நுண்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிவிடும், விந்தணு வராது. ஆள் வேலை பார்ப்பார், தாம்பத்தியத்திலும் பெரும்பாலும் குறை தெரியாது. அதனால் குழந்தை இல்லாதபோதுதான் பலருக்கும் தெரிய வருகிறது. தெரியாமலே போகிறவர்கள் அதைவிட அதிகம். (எக்ஸ் கூடாமல், ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் போனாலும் விந்தணு நின்றுவிடும் என்று 1976-இல் இத்தாலியில் கண்டுபிடித்தார்கள். அது தனிக் கதை.)

கிளைன்ஃபெல்டர் 1943 முதல் 1946 வரை ராணுவத்தில் டாக்டராக இருந்துவிட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கே திரும்பினார். 76 வயது வரை மூட்டு நோய், ஹார்மோன் நோயாளிகளைப் பார்த்தார். 1990 பிப்ரவரி 20-இல் காலமானார். அவர் போன பிறகுதான் கதை மாறியது. மைக்ராஸ்கோப் வைத்து விந்தகத்தில் தேடினால், இந்த ஆண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேரிடம் கொஞ்சம் விந்தணு கிடைக்கிறது. அதை ஊசியால் முட்டைக்குள் செலுத்தி, சொந்தக் குழந்தையே பெற்றிருக்கிறார்கள். ஹார்மோன் ஊசி உடம்புக்குத் தெம்பு தரும், விந்தணு தராது; குழந்தை வேண்டுமென்றால் அந்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெரு அண்ணன் ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவை உட்கார வைத்து, குறை எங்கிட்டத்தான் என்று அவரே சொல்லிவிட்டார்.