லாரி டிரைவர் டு கன்டெய்னர் மன்னன்: யார் இந்த மால்கம் மெக்லீன்?

குடோன் வாசலில் கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து நிற்கிறது. கதவு திறந்ததும் நீளும் கன்வேயர் பெல்ட் உள்ளே நுழைகிறது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. நாம் ஆர்டர் போடும் பொருள் வீட்டுக்கு வருவதற்குள் இப்படி எத்தனையோ முறை ஏறி இறங்குது. இந்த ஏற்றி இறக்கும் செலவைக் குறைக்கப் போய், உலக வணிகத்தையே மாற்றிய ஒருவரின் கதைதான் இது.

பெட்ரோல் பங்கில் தொடக்கம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் மால்கம் மெக்லீன். 1931-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், 1934-ல் பழைய லாரி ஒன்றை வாங்கினார். உடன்பிறந்தவர்களான கிளாரா, ஜிம் இருவரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் மெக்லீன் டிரக்கிங் கம்பெனி.

துறைமுகத்தில் காத்திருப்பு

1937-ல் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சி துறைமுகத்துக்குப் போனாராம். முன்னால் நீண்ட வரிசை. ஒவ்வொரு பொதியாக லாரியிலிருந்து இறக்கி, வலையில் கட்டி, கப்பலில் ஏற்றி அடுக்கும் வரை காத்துக்கிடந்தாராம். லாரியையே அப்படியே தூக்கி வைத்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆனா அது நிஜத்தில் நடக்க இன்னும் 19 வருஷம் ஆனது.

கன்வேயர் வைத்த டெர்மினல்

அதற்கு முன் லாரி தொழிலிலேயே அவர் செலவைக் குறைத்துக் காட்டினார். ஒரு லாரியில் வரும் சரக்கு பல ஊர் லாரிகளுக்குப் பிரிந்து போகணும். தூக்கிச் சுமந்து மாற்றினால் நேரமும் போகும், கூலியும் ஏறும். அதனால் வின்ஸ்டன்-சேலம் நகரில் இருந்த டெர்மினலில் கன்வேயர் போட்டு, லாரிக்கு லாரி சரக்கை நகர்த்தினார். அன்றைக்கு இது புதுசு.

லாரி ஓடும்போது பணம் வருது, நிற்கும்போது பணம் போகுது. அவருடைய தொழில் கணக்கு இவ்வளவுதான்.

58 பெட்டிகள், ஒரே கப்பல்

லாரி கம்பெனி வைத்திருப்பவர் கப்பல் கம்பெனியும் நடத்த அன்றைய அமெரிக்க விதிகள் இடம் கொடுக்கவில்லை. 1955-ல், கையில் இருந்த பெரிய லாரி நிறுவனத்தையே விட்டுவிட்டு பான்-அட்லாண்டிக் என்ற கப்பல் நிறுவனத்தை வாங்கினார். தோற்றால் எல்லாமே போயிருக்கும்.

1956 ஏப்ரல் 26. இரண்டாம் உலகப் போர் காலத்து எண்ணெய்க் கப்பலான ஐடியல் எக்ஸ், 58 கன்டெய்னர்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கையால் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலம் அது. இந்தக் கப்பலில் ஆன செலவு 16 சென்ட்டுக்கும் கீழே!

கன்டெய்னரின் மூலைகளைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பை வடிவமைத்தவர் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். அதன் காப்புரிமையை மெக்லீன் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டு லாரியிலும் பொருந்துகிறது என்றால், இந்த முடிவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

வேலை இழந்தவர்கள்

பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. சரி, அந்தப் பல நாள் கூலியை நம்பியிருந்தவர்கள்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் வேலை உலகம் முழுக்க சுருங்கியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1960-ல் சங்கம் ஒப்பந்தம் போட்டு, இயந்திரங்களை அனுமதித்ததற்கு ஈடாக ஓய்வுப் பலன்களைப் பெற்றது. நியூயார்க்கில் வேலை இல்லாவிட்டாலும் ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம் வாங்கினார்கள். எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. லண்டனில் 1967 தொடங்கி 1981-க்குள் பழைய டாக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பும் போனது.

ஏற்றமும் சரிவும்

சீ-லேண்ட் என்று பெயர் மாறிய அவருடைய நிறுவனம் 1966-ல் ஐரோப்பாவுக்குக் கப்பல் விட்டது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைக்கும் சரக்கு கொண்டுபோனது. 1969-ல் அதை விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார் மெக்லீன்.

அதோடு நிற்கவில்லை. 1978-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் நிறுவனத்தை வாங்கினார். எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும் என்று நம்பி, மெதுவாகப் போகும் 12 ராட்சதக் கப்பல்களைக் கட்டினார். ஆனா எண்ணெய் விலை சரிந்தது. 1986-ல் நிறுவனம் 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனோடு திவாலானது. அதன் பிறகும் 1990-களில் டிரெய்லர் பிரிட்ஜ் என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார்.

2001 மே 25-ல் மெக்லீன் காலமானார். இறுதிச் சடங்கு நடந்த காலையில், உலகின் பல இடங்களில் கன்டெய்னர் கப்பல்கள் ஹாரன் ஒலித்து அஞ்சலி செலுத்தின.

இன்னும் முடியாத வேலை

கப்பலிலிருந்து லாரிக்குப் பெட்டி மாறும் சிக்கலை மெக்லீன் தீர்த்துவிட்டார். ஆனா பெட்டிக்குள் இருப்பதை யார் இறக்குவது? சரக்கு பேலட்டில் வந்தால் ஃபோர்க்லிஃப்ட் போதும். தனித்தனி அட்டைப்பெட்டியாக அடுக்கி வந்தால், கன்வேயர் எவ்வளவு உள்ளே நீண்டாலும் அதில் பெட்டியை எடுத்து வைக்க பெரும்பாலும் ஒரு ஆள் வேணும். வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் நின்று அதைச் செய்யும் தொழிலாளிக்கு, அந்த கன்வேயர் மிச்சப்படுத்துவது நடையும் முதுகுவலியும்தான். பாரம் தூக்கும் வேலை இன்னும் அவர் கையில்தான் இருக்கு.