தேர்வில் தேறாத துறவி

உயிரியல் வகுப்பில் மெண்டலின் விதிகளை நாம் மனப்பாடம் செய்கிறோம். அம்மேதை ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதும், ஆசிரியர் தகுதித் தேர்வில் தவறியவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

கிரகோர் மெண்டல் 1822-ல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஹைன்சென்டோர்ஃப் என்னும் சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. மரம் விழுந்து தந்தை முடமானபின் படிப்புக்கு வழியில்லை. அப்போது தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனுக்குக் கொடுத்தாள். எத்தகைய மனம்! பிற்காலத்தில் அவள் பிள்ளைகளை அவரே படிக்க வைத்தார். அவர்களில் இருவர் மருத்துவராயினர்.

1843-ல் புரூன் நகர் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்து, 1847-ல் குருப்பட்டம் பெற்றார். 1850-ல் எழுதிய ஆசிரியர் தேர்வில் தோற்றார். மடத்துத் தலைவர் அவரைக் கைவிடாமல் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1856-ல் மீண்டும் தேர்வுக்குச் சென்றவர் நோயுற்றுத் திரும்பினார். சான்றிதழ் கடைசிவரை கிட்டவில்லை. தற்காலிக ஆசிரியராகவே 1868 வரை கற்பித்தார்.

அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சி தொடங்கியது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகள்! உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்ததில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, அதாவது சுமார் மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு பண்புக்கும் இரு காரணிகள் உண்டு, இனச்செல்லில் ஒன்றே செல்லும் என்று அவர் கண்டார். 1866-ல் அச்சான கட்டுரையை உலகம் கவனிக்கவில்லை.

காரணிகள் ஏன் பிரிகின்றன? விடை செல் பிரிதலில் இருந்தது. குன்றல் பகுப்பில் இணைக் குரோமோசோம்கள் பிரிந்து, பட்டாணியின் 14 குரோமோசோம்கள் இனச்செல்லில் 7 ஆகின்றன. மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக நம் அக்காமார் இரவெல்லாம் படிக்கும் பாடம் இதுவே. மெண்டல் வாழ்ந்த காலத்திலேயே, 1882-ல், ஃபிளெமிங் செல் பிரிதலைப் பற்றி நூல் வெளியிட்டார். இரண்டையும் இணைத்துப் பார்ப்பார் அன்று இல்லை.

மடத்தின் தலைவராகி, அரசின் வரியை எதிர்த்துப் போராடிக் களைத்த மெண்டல், 1884 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று இறைவனடி சேர்ந்தார். 1900-ல் மூவர் அவர் கட்டுரையின் பெருமையை உணர்ந்தனர். 1902-ல் சட்டன் என்னும் அமெரிக்க மாணவர் வெட்டுக்கிளியின் செல்களில் குரோமோசோம்கள் இணையிணையாய்ப் பிரிவதை ஆராய்ந்து, மெண்டலின் காரணிகள் அங்கேயே இருப்பதாக எழுதினார்.