குளியலறையில் பிறந்த இசை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இசைக் குறியீடு படிக்கத் தெரியாது; எந்தக் கருவியையும் முறையாக வாசிக்கத் தெரியாது; சுருதியோடு பாடவும் வராது. இப்படிப்பட்ட ஒருவர் இயற்றிய மெட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது என்றால் நண்பர்கள் வியப்படையக் கூடும். அவர்தான் ஜோ மீக்.

1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் நியூவென்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயது முதலே வானொலிப் பெட்டிகளைப் பிரிப்பதும் பூட்டுவதுமே விளையாட்டு. விமானப் படையில் ரேடார் பணி, பின்னர் மின்வாரிய வேலை, அதன்பின் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்கள். பல்கலைக்கழகத்தை அவர் கண்டதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். அதனாலோ என்னவோ, இவர் கதை என்னைப் பற்றிக்கொண்டது.

அன்றைய கூடங்களில் ஒலிவாங்கியைக் கருவிக்குச் சற்றுத் தள்ளியே வைப்பார்கள். ஒலியளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது. மீக் இரண்டையும் மீறினார். ஒலிவாங்கியைக் கருவியின் அருகிலேயே கொண்டு வைத்தார். மேலதிகாரிகளோடு மோதல் வராமல் இருக்குமா?

1960இல் ஹாலோவே சாலை 304ஆம் எண் கட்டடத்தில், தோல்பொருள் கடைக்கு மேலிருந்த மாடிக் குடியிருப்பை வாடகைக்கு எடுத்தார். அந்த வீடே அவருக்கு ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. ஓர் அறையில் கருவிகள், மாடிப்படியில் வயலின்காரர்கள், குளியலறையில் பாடகர்கள்! இது வேடிக்கைக்காகச் செய்ததன்று. ஓடு பதித்த சுவர்கள் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. குரலுக்கு முழக்கம் கூடுகிறது. நம் விடுதிக் குளியலறைப் பாடகர்கள் நன்கறிந்த உண்மைதான் இது. சுருள்வில்லைக் கொண்டு எதிரொலிப் பெட்டி ஒன்றையும் தம் கையாலேயே செய்துகொண்டார்.

1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படங்களை அனுப்பியது. அந்த வியப்பில் மீக்குக்கு ஒரு மெட்டுத் தோன்றியது. எழுதத் தெரியாதே! ஒரு பழைய பதிவின்மேல் தம் சுருதி சேராத குரலில் பாடிக் காட்டினார். டொர்னேடோஸ் குழுவினர் அதிலிருந்து மெட்டைப் பிடித்தெடுத்து வாசித்தார்கள். கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி அதன்மேல் பின்னர் சேர்க்கப்பட்டது. ‘டெல்ஸ்டார்’ என்றே பெயர் பெற்ற அந்த இசைத்தட்டு அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அங்கு அவ்விடத்தை அடைந்த முதல் பிரிட்டிஷ் இசைக்குழு டொர்னேடோஸ்தான். பீட்டில்ஸ் அதற்குப் பின்னரே வந்தார்கள்.

1964இல் ஹனிகோம்ப்ஸ் குழுவின் பாடலுக்கு முரசொலி போதவில்லை என்று, குழுவினரை மரப்படியில் கால்களால் உதைக்கச் சொன்னார். படியின் கைப்பிடியில் ஒலிவாங்கிகளைக் கட்டியது சைக்கிள் ஓட்டுவோர் காற்சட்டையில் மாட்டும் கிளிப்புகளால்! அப்பாடலும் இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. கீழே குடியிருந்த அம்மையார் வாயலெட் ஷென்டன், இரைச்சல் தாளாமல் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாராம். மீக்கோ ஒலிபெருக்கியை மாடிப்படியில் வைத்து இன்னும் உரக்க முழக்குவாராம்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ‘டெல்ஸ்டார்’ தம் மெட்டின் திருட்டு என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்குத் தொடுக்க, உரிமைத் தொகை முடங்கியது. மீக் ஆண்களை நேசித்தவர். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். 1963இல் அது தொடர்பாகத் தண்டிக்கவும்பட்டார். அச்சமும் கடனும் மாத்திரைப் பழக்கமும் அவர் மனத்தைக் குலைத்தன. தம் வீட்டை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்பத் தொடங்கினார்.

1967 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் ஷென்டன் அம்மையாரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். மேதைமையைச் சொல்லி இக்கொலையை மறைக்க எனக்கு மனமில்லை. இரைச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்ட அந்த அம்மையாரின் பெயரும் இவ்வரலாற்றில் இருக்க வேண்டும்.

வழக்கு மீக்குக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. வீட்டில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களைத் தேயிலைப் பெட்டிகளில் அடைத்து ஒருவர் விலைக்கு வாங்கிச் சென்றார். அரை நூற்றாண்டுக்கு மேல் அவை பெட்டிகளிலேயே உறங்கின. 2020இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் அவற்றை வாங்கி, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது.