விளக்கேந்திய சீமாட்டியின் கணக்கேடு

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு கரையில் நாடாளுமன்றம் தெரியும், மறுகரையில் சென் தோமஸ் வைத்தியசாலை தெரியும். எம்மவரில் பலருக்கு அது வேலைத்தலம். தாதியாக, வைத்தியராக, மருந்தாளராக, இரவில் தளம் துடைப்பவராக அங்கே போய்வந்தவர்கள் எமது குடும்பங்களில் இருக்கிறார்கள். அந்த வளாகத்துக்குள் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரில் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. வேலை முடிந்து நித்திரைக் கண்ணோடு அதைத் தாண்டிப் போகிறவர்களிடம் கேட்டால், உள்ளே போய்ப் பார்க்க ஒருநாளும் வசதிப்படவில்லை என்பார்கள்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் நாம் அறிந்த நைட்டிங்கேல், காயப்பட்ட சிப்பாய்களின் கட்டில்களுக்கு இடையே விளக்கோடு நடக்கும் சீமாட்டி. அது பொய்யல்ல. ஆனால் அந்தக் காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இலண்டனில், பெரும்பகுதி நோயாளியாகக் கட்டிலில் இருந்தபடி, பேனையும் படிவங்களும் கொண்டு அவர் செய்த வேலையைப் பற்றி எமக்கு அதிகம் சொல்லித் தரப்படவில்லை. இன்று தர முகாமைத்துவம் என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் எம்மில் பலர் மணிக்கணக்காக இருந்து எழும்பியிருக்கிறோம். அந்தச் சொல் வழக்கில் இல்லாத காலத்தில் அவர் அந்த வேலையைச் செய்தார். சிலவற்றில் வென்றார், சிலவற்றில் தோற்றார். தோற்றவற்றையும் நாம் இங்கே சொல்லப்போகிறோம்.

அவர் பிறந்தது 1820 மே 12 ஆம் திகதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில். பிறந்த ஊரையே பெயராக வைத்தார்கள். பெரும் பணக்காரக் குடும்பம். தந்தை வீட்டிலேயே மொழிகளும் வரலாறும் படிப்பித்தார். கணிதம் படிக்கவேண்டும் என்று மகள் அடம்பிடித்தபோது தாய் விரும்பவில்லை. தாதி வேலைக்குப் போகப்போகிறேன் என்றபோது வீடே கொதித்தது. அக்காலத்தில் அது வேறு வழியில்லாத ஏழைப் பெண்களின் வேலை, குடிகாரிகளின் வேலை என்று பெயர். என்ன படிப்பது, என்ன வேலைக்குப் போவது என்று எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டைதான், திசை மட்டும் மாறி. பல ஆண்டுகள் இழுபட்டு, 1853 ஓகஸ்டில், 33 வயதில், அப்பர் ஹார்லி வீதி முதலாம் இலக்கத்தில் இருந்த ஒரு சிறிய நோயாளர் இல்லத்துக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். சம்பளம் இல்லை. தந்தை ஆண்டுக்கு 500 பவுண் கொடுத்தார்.

அந்த இல்லம் நோயுற்ற வீட்டு ஆசிரியைகளுக்கானது. சீமாட்டிகளின் நிர்வாகக்குழு ஒன்று அதை நடத்தியது. போகமுன்னரே நைட்டிங்கேல் ஒரு பட்டியலை முன்வைத்தார். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுநீர் வரவேண்டும். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி வேண்டும். நோயாளி மணி அடித்தால் அது தாதியின் கதவுக்கு வெளியே ஒலிக்கவேண்டும், எந்த நோயாளி அடித்தது என்று அந்த மணியிலேயே தெரியவேண்டும். தாதி படிக்கட்டில் ஏறி இறங்கும் நேரம் நோயாளியிடமிருந்து எடுத்த நேரம் என்பது அவர் வாதம். வேலை சரியில்லை என்றால் வேலையாளைத் திட்டுவதுதான் வழக்கம். அவர் முதலில் படிக்கட்டைப் பார்த்தார். சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் பழக்கத்தை நிறுத்தி மொத்தமாக வாங்கவைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்தார். கத்தோலிக்கரையும் யூதரையும் சேர்க்க மறுத்தால் தான் அங்கே வேலை செய்யமாட்டேன் என்று சொல்லி அதையும் வென்றார்.

குழுவை எப்படிச் சமாளித்தார் என்பதை அந்த டிசம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். சூழ்ச்சியே செய்வதில்லை என்ற உறுதியோடுதான் வந்தாராம். இப்போது எல்லாம் சூழ்ச்சியால்தான் நடக்கிறதாம். ஒரு யோசனையை யார் கொண்டுவந்தால் குழுவில் நிறைவேறுமோ அவரிடம் தனியாகப் போய் அதைச் சொல்லிவிடுவார். கூட்டத்தில் அவரே அதைத் தன் யோசனையாக முன்வைப்பார். நைட்டிங்கேல் வாய்திறக்கமாட்டார். யோசனை நிறைவேறிவிடும். இலண்டனில் ஊர்ச் சங்கங்களிலும் கோயில் பரிபாலன சபைகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நல்ல யோசனை பல சமயம் தோற்பது அதைச் சொன்னவர் யார் என்பதால்தான்.

அடுத்த ஆண்டு கிரைமியப் போர். யுத்த அமைச்சில் இருந்த அவரது நண்பர் சிட்னி ஹேர்பேட்டின் அழைப்பில், 1854 ஒக்டோபரில் 38 தாதியரோடு துருக்கிக்குப் புறப்பட்டு, நவம்பர் 4 ஆம் திகதி ஸ்குட்டாரியில் இருந்த இராணுவ வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். சட்டை, சவர்க்காரம், கட்டில், கஞ்சி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அவர் தன் கையில் இருந்த நிதியைக்கொண்டு வாங்கினார், சமையலறையைத் திருத்தினார், சலவைக்கு வழி செய்தார். ஆனால் அந்த மாரியில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 ஜனவரியில் மட்டும் கிழக்கிலிருந்த பிரித்தானியப் படையில் காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைபட்டு நாறிக்கொண்டிருந்தது. மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு சாக்கடையைக் கழுவி, செத்த விலங்குகளை அகற்றி, காற்றுக்கு வழி திறந்தபின்தான் இறப்பு வீழ்ந்தது.

1856 ஓகஸ்டில் விழாக்களுக்கு அஞ்சி வேறு பெயரில் நாடு திரும்பினார். பிரித்தானியா முழுவதும் அவரைக் கொண்டாடியது. அவரோ ஓல்ட் பேர்லிங்டன் வீதியில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, இறந்தவர்களை எண்ணத் தொடங்கினார். துணைக்கு வந்தவர் வில்லியம் ஃபார், அரச பதிவாளர் அலுவலகத்தின் புள்ளிவிபர நிபுணர். எண்கள் வறண்டதாகவே இருக்கவேண்டும் என்பது ஃபாரின் கொள்கை. அமைச்சர்கள் அட்டவணைகளை வாசிக்கமாட்டார்கள் என்பது நைட்டிங்கேலுக்குத் தெரியும். ஆகவே பன்னிரண்டு மாதங்களையும் வட்டத்தின் பன்னிரண்டு துண்டுகளாக்கி, நோய்ச்சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு என்று நிறம் தீட்டினார். பார்த்த மாத்திரத்தில் நீலம் மற்ற இரண்டையும் விழுங்கியிருப்பது தெரியும்.

அந்தக் கணக்கில் ஸ்குட்டாரியும் இருந்தது. தான் பணிசெய்த, தன் பெயரைப் புகழாக்கிய இடத்திலேயே சாவு மிக அதிகம் என்பதை அவரே அச்சில் போட்டார். அந்த உண்மை தெரியவந்த அதிர்ச்சிதான் 1857 இல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிரைமியாவில் தொற்றிய காய்ச்சலின் நீண்ட விளைவு என்பது வேறு சிலர் முடிவு. எதுவானாலும், அந்த எண்களை மறைக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. எண்ணப்படாத சாவு என்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்றுதான் போகிறோம்.

சமாதான காலத்துப் படைமுகாம்களையும் அவர் விடவில்லை. இங்கிலாந்திலேயே இருந்த சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 17 முதல் 20 பேர்வரை ஆண்டுதோறும் இறந்தார்கள், அதே வயதுப் பொதுமக்களில் 11 பேர். ஆண்டுக்கு 1,100 பேரை சோல்ஸ்பரி வெளிக்குக் கூட்டிப்போய்ச் சுடுவதும் இதுவும் ஒன்றுதான் என்று எழுதினார். ஹேர்பேட் தலைமையில் அரச ஆணைக்குழு அமைந்தது. பெண் என்பதால் அவருக்கு அதில் இடமில்லை. ஆனால் அது கேட்ட கேள்விகளிலும் கண்ட முடிவுகளிலும் அவர் கை இருந்தது. ஹார்லி வீதித் தந்திரம் இப்போது அரசாங்க அளவில் நடந்தது. முகாம்கள் திருத்தப்பட்டன, இராணுவ மருத்துவக் கல்லூரி வந்தது, இராணுவத்துக்கென்று மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவு வந்தது. நோயோடு வேலைசெய்த ஹேர்பேட்டை அவர் ஓயவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1861 இல் ஹேர்பேட் இறந்தார். நைட்டிங்கேல் இலகுவான மனிதர் அல்ல.

அடுத்து வைத்தியசாலைகள். இலண்டனின் ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் பாட்டுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தது. நோய்களுக்கு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர். எங்கே நோயாளி பிழைக்கிறார், எங்கே சாகிறார் என்று ஒப்பிட வழியே இல்லை. எல்லோருக்கும் ஒரே படிவம் என்று அவர் எழுதிய திட்டம் 1860 யூலையில் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டில் ஏற்கப்பட்டது. சில வைத்தியசாலைகள் நிரப்பத் தொடங்கின. படிவம் நீளமானது, சிக்கலானது, எழுதுவினைஞருக்குச் செலவு. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள்.

1863 இல் வைத்தியசாலைகள் பற்றிய தன் நூலின் புதிய பதிப்பில் ஃபாரின் அட்டவணை ஒன்றைச் சேர்த்தார். இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் இறப்பு வீதம் நூற்றுக்கு 90.84. வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஓராண்டில் இறந்த 3,828 பேரை, ஒரு குறிப்பிட்ட நாளில் படுக்கையில் இருந்த 4,214 பேரால் வகுத்திருந்தார்கள். ஒரு கட்டிலில் ஆண்டு முழுவதும் பலர் மாறிமாறிப் படுப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. மருத்துவ இதழ்கள் கிழித்தன. எண்ணச் சொன்னவரே தவறாக எண்ணினார் என்பது எதிராளிகளுக்கு நல்ல தீனி. ஆனாலும் அந்தச் சண்டைக்குப் பிறகு, வைத்தியசாலைகளின் சாவைச் சரியாக ஒப்பிடுவது எப்படி என்ற கேள்வியை வைத்தியர்களே பேசவேண்டி வந்தது.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்தார். விழுந்து காயப்பட்ட ஓர் அம்மாவைப் பற்றிப் பதிவேட்டில் எழுதப்போனபோது, அந்த மாதக் கணக்குக் கெட்டுவிடும், விடுங்கள் என்றாராம் மேலாளர். சகோதரி எழுதினார். பிறகு அவருக்கு அங்கே நிம்மதி இருக்கவில்லை. வேறு வேலை தேடிப் போய்விட்டார்.

இனி, நைட்டிங்கேலின் வாழ்க்கையில் எமக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விடயம். மக்கள் அவர் பெயரால் சேர்த்துக் கொடுத்த ஏறத்தாழ 45,000 பவுண் நிதியில் 1860 இல் சென் தோமஸில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அதே நிதியில் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் ஏழைத் தாய்மாருக்கு ஒரு மகப்பேற்று வார்ட்டும், மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சியும் ஆரம்பமாயின. நல்ல இடம், நல்ல தாதியர். ஆனால் பிரசவக் காய்ச்சல் வந்தது, தாய்மார் இறந்தார்கள். 1867 இல் வார்ட்டை மூடினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். தாய்மார் எங்கே எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று மூன்று ஆண்டுகளாக நாடு நாடாக எண்கள் திரட்டினார். ஒழுங்கான கணக்கு யாரிடமும் இல்லை என்பதே முதலில் தெரியவந்தது. 1871 இல் வெளியிட்ட நூலில் முடிவைச் சொன்னார். வசதியற்ற தன் வீட்டில் பிள்ளை பெறும் ஏழைப் பெண்கூட, நல்ல மகப்பேற்று மனையில் பெறுகிறவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். தன் வார்ட்டின் சாவுகளையும் அதில் சேர்த்தார். அதன் பிறகுதான் சிறிய தனி அறைகள், பிணமறுக்கும் கூடத்திலிருந்து வரும் மாணவர்களுக்குத் தடை என்று தன் புதிய யோசனைகளை வைத்தார்.

அந்தக் கட்டிலில் இருந்தபடியே அவர் இந்தியாவையும் எண்ணினார். ஒருநாளும் போனதில்லை. ஆனால் அங்குள்ள படைநிலையங்களுக்கெல்லாம் கேள்விப் படிவம் போனது. வந்த பதில்களிலிருந்து 1863 இல் வெளிவந்த அறிக்கை, பிரித்தானியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் இறப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணைக்குழுக்கள் அமைந்தன. சிப்பாயில் தொடங்கிய அக்கறை மெல்ல மெல்ல ஊர்மக்களிடம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்தபோது, காவேரி, கொள்ளிடம், கோதாவரியில் அணைகட்டிய ஆர்தர் கொட்டனின் பக்கம் நின்று, நீர்ப்பாசனமே பஞ்சத்துக்கு மருந்து என்று எழுதினார். அவர் பேரரசை எதிர்த்தவர் அல்ல, அதைத் திருத்திவிடலாம் என்று நம்பியவர். எத்தனை ஏக்கருக்கு நீர், எத்தனை பேருக்குச் சோறு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விகளில் பலவற்றுக்கு அதிகாரிகளிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை.

கடைசி ஆண்டுகளில் பார்வை போனது. நினைவும் மங்கியது. 1907 இல் ஓர்டர் ஒஃப் மெரிட் விருது, அதைப் பெற்ற முதற்பெண் அவர்தான். 1910 ஓகஸ்ட் 13 ஆம் திகதி, மேஃபெயாரில் சௌத் வீதியில் இருந்த வீட்டில், 90 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய அழைப்பு வந்தது, குடும்பத்தார் மறுத்தார்கள். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூரின் தேவாலய முற்றத்தில், குடும்பக் கல்லறையில் இருக்கிறார். கல்லில் அவரது முழுப்பெயர் இல்லை. முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த திகதியும், இறந்த திகதியும் இருக்கின்றன.