ஆசிரியர் கிடைக்காத கணித மேதை: அஸ்ஸமவ்அல் அல்-மக்ரிபி

5 + 2³ × 2⁻⁴ எவ்வளவு? முதலில் அடுக்கு, அடுத்துப் பெருக்கல், கடைசியில் கூட்டல் என்று நம் பிள்ளைகள் வரிசையாகச் செய்து, ஐந்தரை என்று சொல்லிவிடுவார்கள். இதில் அடுக்குகளைச் சுருக்கும் வழியைத் தெளிவாக எழுதி வைத்தவர், ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸமவ்அல்.

சுமார் கி.பி. 1130இல் பக்தாதில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மொராக்கோவிலிருந்து வந்த அறிஞர். மகன் வேதம் கற்றார், மருத்துவம் கற்றார், இந்திய எண்முறையும் கற்றார். அதற்கு மேல் கணிதம் சொல்லித்தர ஆளில்லை. கல்விக்குப் பேர்போன பக்தாதிலேயே இந்த நிலை! அல்-கரஜி முதலானோரின் நூல்களைத் தாமே படித்தார். 19 வயதில் ‘அல்-பாஹிர்’ என்ற அல்ஜிப்ரா நூலை எழுதினார்.

அன்று ³, ⁴ போன்ற குறியீடுகள் கிடையாது. இரண்டாம் அடுக்குக்கு ‘மால்’, மூன்றாவதற்கு ‘கஅப்’, ஐந்தாவதற்கு ‘மால் கஅப்’. எல்லாம் சொற்கள்தாம். அஸ்ஸமவ்அல் ஓர் அட்டவணை போட்டார். நடுக்கட்டத்தின் தலையில் 0, அதன் கீழே 1. அதிலிருந்து இருபுறமும் 1, 2, 3 என்று கட்டங்கள். இரண்டின் அடுக்குகளென்றால் ஒருபுறம் 2, 4, 8, 16. மறுபுறம் அரை, கால், அரைக்கால், வீசம். எட்டை வீசத்தால் பெருக்க வேண்டுமா? எட்டு மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. வீசம் மறுபுறம் நான்காவது. ஆகவே எட்டிலிருந்து அந்தப் பக்கமாக நான்கு கட்டம் நகர்ந்தால் போதும், அரை வந்துவிடும். பூஜ்யமல்லாத எந்த எண்ணானாலும் அடுக்கு 0 என்றால் விடை ஏன் 1 என்று குழம்பும் மாணவருக்கு இந்த நடுக்கட்டத்தைக் காட்டலாம்.

பூஜ்யத்திலிருந்து குறை எண்ணைக் கழித்தால் மிகை எண் வரும் என்ற விதியும் அந்நூலில் உண்டு. அல்-கரஜியின் தொலைந்துபோன சில கண்டுபிடிப்புகள் இன்று நமக்குத் தெரிவதும் இந்த இளைஞர் அவற்றை எடுத்தெழுதியதால்தான்.

பின்னர் மருத்துவராகப் பல ஊர்கள் சென்றார். இஸ்லாத்தின்பால் உள்ளம் சாய்ந்தும், தந்தையின் மனம் நோகுமே என்று நெடுநாள் தயங்கினார். 1163இல் மராகாவில் இஸ்லாத்தை ஏற்றார். செய்தியறிந்த தந்தை மகனைக் காணப் புறப்பட்டு, வழியிலேயே இறந்துபோனார்.

அஸ்ஸமவ்அல் சுமார் 1180இல் அதே மராகாவில் வஃபாத்தானார். பல துறைகளில் ஏராளமாக எழுதியவர். நம் கைக்கு வந்து சேர்ந்தவை சிலவே. ‘அல்-பாஹிர்’ அவற்றில் ஒன்று.