சிறைக்கூடத்தில் ஒரு தமிழாசான்

ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த வ.உ. சிதம்பரனார் கப்பலோட்டிய கதை நாடறிந்தது. அவர் கைதியாக வாழ்ந்த நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தையோ, செக்கிழுத்தார் என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

1908 ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அச்செய்தி கேட்டுச் சித்தம் கலங்கிய தம்பி மீனாட்சிசுந்தரம் பின் தெளியவேயில்லை. ஒருவரைச் சிறையிலிட்டால் தண்டனை வீட்டார்க்கும் சேர்ந்தே வருகிறது. துணைவியார் மீனாட்சி அம்மையாரே மேல்முறையீட்டிற்காக அலைந்தார். உயர்நீதிமன்றம் தண்டனையை 6 ஆண்டுகளாகக் குறைத்தது.

கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது, அதன்பின் செக்கு. அங்கே வடுகராமன் என்றொரு கைதி அவரைக் கண்டபோதெல்லாம் கைகூப்பி வணங்கினான். சிறையதிகாரிக்கு அதுவும் பொறுக்கவில்லை. சட்டம் பறித்த மதிப்பைச் சக கைதி திருப்பித் தந்தால் பொறுக்குமா?

1910 டிசம்பரில் அவர் கண்ணனூருக்கு மாற்றப்பட்டார். கவிஞர்கள் நின்று நோக்க வேண்டிய இடம் இது. உடனிருந்த கைதிகள் பலர் அவரிடம் நீதி நூல்களைப் பாடம் கேட்டனர். குற்றவாளிகள் என்று உலகம் ஒதுக்கியவர்களை அவர் மாணாக்கராக ஏற்றார். அவர்கள் பொருட்டு எழுந்த வெண்பாக்களே 1915இல் வெளியான 'மெய்யறிவு'. புலவர் அவையை நோக்கிப் பிறந்த நூலன்று அது. நெடுந்தண்டனைக் கைதிக்கு நாளைக் கழிப்பதே பெரும்பாடு. கற்க ஒரு பாட்டு இருக்குமாயின் நாளைக்கும் ஒரு பொருள் உண்டு. தம் வாழ்க்கையையும் அவர் சிறையிலேயே அகவலாகப் பாடத் தொடங்கினார்.

1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலையானார். வாசலில் மக்கள் வெள்ளமில்லை. தொழுநோயுற்ற சுப்பிரமணிய சிவா போன்ற மிகச் சிலரே நின்றனர். வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலும், அம்பத்தூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள பெரம்பூரிலும் குடியிருந்து வறுமையோடு மல்லாடினார். அந்நாளில்தான் தொல்காப்பியமும் திருக்குறளும் அவர் கையில் இருந்தன. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கெனத் திரட்டியளித்த தொகையோ, காந்தியடிகளுடன் பல கடிதங்கள் எழுதிய பின்னரே, 1916இல் வந்து சேர்ந்தது.

பின்னர் உரிமத்தை மீட்டளித்த வாலஸ் துரையின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். சிறையில் தொடங்கிய அந்தச் சுயசரிதை நூலாக வெளிவர மேலும் பத்தாண்டுகள் ஆயின.